486-இல் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை. டெட்தானா?

கேள்வி: 2024 ஜனவரி 6, சனி, மாலை 6.10

அப்பா காரைக்குடியில் 1994 முதல் டிடிபி சென்டர் வைத்திருந்தார். 2003-இல் மூடிவிட்டோம். அப்போதைய 486 கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது இறக்கினேன். ஆன் ஆகிறது, மெமரி எண்ணுகிறது, அதன்பிறகு ஹார்ட் டிஸ்க்கே இல்லாதது போல நின்றுவிடுகிறது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு கடையில் கொடுத்தேன். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு "டெட், தூக்கிப் போடுங்க" என்றார்கள். 540 எம்பி டிஸ்க். ஒன்பது வருடத்துக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் இருக்கிறது. அவ்வளவுதானா அண்ணா?

ஜனவரி 6, இரவு 10.40

யுஎஸ்பி அடாப்டரில் தெரியவில்லை என்றால் யுஎஸ்பி அடாப்டரில் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். டெட் என்று அர்த்தம் இல்லை. இந்த "டெட்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், காரணம் பிறகு சொல்கிறேன்.

இன்றைய அடாப்டர்கள் டிஸ்க்கிடம் "ஆயிரத்து எட்டாவது செக்டரைக் கொடு" என்று வரிசை எண்ணில் கேட்கும். அதற்குப் பெயர் எல்பிஏ. 1994 வாக்கில் வந்த டிஸ்க்குகளில் சிலவற்றுக்கு அந்தப் பாஷையே தெரியாது. இத்தனையாவது சிலிண்டர் (தட்டில் உள்ள வட்டம்), இத்தனையாவது ஹெட் (அதைப் படிக்கும் முனை), இத்தனையாவது செக்டர் (வட்டத்தின் ஒரு துண்டு) என்று கேட்டால்தான் கொடுக்கும். அடாப்டர் கேட்பது டிஸ்க்குக்குப் புரியாது, டிஸ்க் சும்மா இருக்கும், கடைக்காரர் டெட் என்பார்.

எனக்குத் தேவையானது: ஒன்று, டிஸ்க் சுற்றுகிறதா? டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு நாலு பின் பவர் கனெக்டரை மட்டும் மாட்டி ஆன் செய்து, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டு, மதர்போர்டு, டிஸ்க்கின் லேபிள், ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டித் தொப்பி), கேபிள் எல்லாவற்றுக்கும் போட்டோ. மூன்று, திரையில் வரும் வாசகம் எழுத்து மாறாமல்.

ஜனவரி 6, இரவு 11.15

படுத்துவிட்டேன், எழுந்து வந்து எழுதுகிறேன். முக்கியமானதை விட்டுவிட்டேன். டிஸ்க்கைப் புதிதாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க், அழித்துத் தயார் செய்யும் ஃபார்மேட் இரண்டையும் தொடாதீர்கள். பழைய ஏஎம்ஐ பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) "ஹார்ட் டிஸ்க் யுடிலிட்டி" என்று ஒரு மெனு இருக்கும், அதற்குள் லோ லெவல் ஃபார்மேட் இருக்கும். அது ஐடிஇக்கு முந்தைய எம்எஃப்எம் காலத்து டிஸ்க்குகளுக்கான சமாச்சாரம். உங்களுடையதைப் போன்ற ஐடிஇ டிஸ்க்கில் அதை ஓட்டினால் டேட்டா போகும், சில டிஸ்க்குகளில் டிஸ்க்கே போகும். அந்த மெனுவை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

ஜனவரி 7, ஞாயிறு, காலை 9.30

போட்டோ பார்த்தேன். சுற்றும் சத்தம் வருகிறது, இரண்டு "டக்" கேட்டுப் பிறகு அமைதியாகிறது என்கிறீர்கள். நல்ல செய்தி. ஹெட் பார்க்கிங்கிலிருந்து கிளம்பிப் போய் உட்கார்ந்துவிட்டது. நிற்காமல் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால்தான் கவலை.

டிஸ்க்கின் லேபிள் பாதி கிழிந்திருந்தாலும் 1048 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பது படிக்க முடிகிறது. குறித்து வையுங்கள்.

அடுத்தது கெட்ட செய்தி. கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி இருக்கிறதே, அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. சுற்றிலும் பச்சையாகப் பூத்திருப்பது அதன் கசிவு. பயாஸ் செட்டிங்கை மெஷின் அணைந்த பிறகும் நினைவில் வைத்திருக்க அந்த பேட்டரி வேண்டும். அது செத்தால் தேதி போகும், ஹார்ட் டிஸ்க் விவரமும் போகும். உங்கள் மெஷின் "சிமாஸ் செக்சம் ஃபெயிலியர்" என்று சொல்வது இதைத்தான். டிஸ்க் இருந்தும் "நாட் இன்ஸ்டால்டு" என்றே பயாஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து பயாஸ் பல, தானாகத் தேடிப் பார்க்காது. நாம் சொன்னால்தான் உண்டு.

பேட்டரியைக் கட்டரால் வெட்டி எடுங்கள், இழுத்துப் பிடுங்கினால் டிராக்கோடு வரும். பூத்த இடத்தை வினிகரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வீட்டில் வினிகர் இல்லை என்றால் எலுமிச்சம்பழம் போதும், கசிந்தது காரம், அதற்குப் புளிப்புதான் மருந்து. பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு காயின் செல் வைத்துச் சால்டர் செய்துவிடலாம்.

ஜனவரி 7, மதியம் 1.05

காயின் செல் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த இடத்தில் போர்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சிஆர்2032 மாதிரிக் காயின் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, வெடிக்கலாம். நடுவில் ஒரு டயோடு போட வேண்டும், அல்லது போர்டில் நாலு பின்னுடன் வெளி பேட்டரிக்கென்று இருக்கும் இடத்தில் கொடுத்து, அதற்கான ஜம்பரை மாற்ற வேண்டும். இப்போதைக்கு பேட்டரியே வேண்டாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் செட்டப்பில் போய் கையால் விவரம் கொடுத்துக்கொள்ளலாம். அணைக்காத வரை நினைவிருக்கும்.

ஜனவரி 8, இரவு 9.50

காய்கிற நேரத்தில் கதை. டெட் என்ற வார்த்தை எனக்கு ஏன் பிடிக்காது என்றால், நான் அதைச் சொல்லி ஒருவருக்கு நஷ்டம் உண்டாக்கியிருக்கிறேன்.

1996. ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகம் வைத்திருந்த ஒருவர் மெஷினைக் கொண்டுவந்தார். இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்த மெஷினில் ஒன்றை யாரோ கழற்றிவிட்டார்கள், மிச்சம் இருந்தது தெரியவில்லை. 425 எம்பி கேவியர் (வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி டிஸ்க்). ஜம்பர் பார்த்தேன், மாஸ்டரில் (ஒரே கேபிளில் வரும் இரண்டு டிஸ்க்கில் முதலாவது, மற்றது ஸ்லேவ்) இருந்தது. ஒற்றை டிஸ்க் என்றால் மாஸ்டர்தானே, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். வேறு கேபிள், வேறு கார்டு எல்லாம் போட்டும் வரவில்லை. "சார், டெட்" என்றேன். அவர் புது டிஸ்க் வாங்கிக்கொண்டு போனார். பழையதை என் டிராயரிலேயே போட்டுவிட்டார்.

அந்தக் காலக் கேவியர்களில் மாஸ்டர் என்றால் "கூட ஒரு ஸ்லேவ் இருக்கிறது" என்று அர்த்தம். தனியாக ஓட வேண்டுமென்றால் ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வராத தம்பிக்காக அண்ணன் காத்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ ஜம்பர் ஒன்று தேவைப்பட்டு அதிலிருந்து பிடுங்கினேன். சும்மா மாட்டிப் பார்த்தேன், சி டிரைவ் வந்து நின்றது. உள்ளே அவருடைய மூன்று வருடக் கணக்கு. எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஆள் வைத்து எல்லாவற்றையும் மறுபடி டைப் அடித்து முடித்திருந்தார். திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

உங்கள் டிஸ்க் அந்த வகை இல்லை, மாஸ்டரில் இருப்பது சரிதான். கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 9, காலை 7.20

ஃப்ரீசரில் ஒரு இரவு வைக்கச் சொன்ன நண்பருக்கு: வேண்டாம் ஐயா. நம் ஊர்க் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதுவும் ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். டிஸ்க்குக்குள் ஒரு சொட்டுப் பனித்தால் அதன்பிறகு நிஜமாகவே டெட்.

சுற்றவே சுற்றாத பழைய டிஸ்க் என்றால் வேறு விஷயம். ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது ஹெட் கை போய் முட்டும் இடத்தில் உள்ள ரப்பர் இத்தனை வருடத்தில் உருகிப் பசையாகிக் கையைப் பிடித்து வைத்திருக்கலாம். முதல் ரகத்துக்கு, டிஸ்க்கை உள்ளங்கையில் படுக்க வைத்துப் பவர் கொடுக்கும் அதே நேரத்தில் மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்பு, பாட்டில் மூடி திறப்பது போல. என் 80 எம்பி டிஸ்க் ஒன்று மூன்றாவது திருப்பில் ஓடியது, அன்றைக்கே காப்பி எடுத்தேன், மறுநாள் ஓடவில்லை. இதெல்லாம் சுற்றாத டிஸ்க்குக்கு. தம்பியுடையது சுற்றுகிறது. சுற்றுவதைத் திருப்பாதீர்கள்.

ஜனவரி 10, இரவு 10.10

சுத்தம் செய்தபின் மெஷின் மறுபடி ஆன் ஆகிறது, ஆனால் ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரிகிறது, "எச்டிடி கன்ட்ரோலர் ஃபெயிலியர்" வருகிறது. சரி. லைட் சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் கேபிள் தலைகீழ். கேபிள் ஓரத்தில் சிவப்புக் கோடு போன கம்பி முதல் பின்னுக்குப் போக வேண்டும், அதாவது பவர் கனெக்டர் இருக்கும் பக்கம்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வயரையும் கழற்றினீர்களா? மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 இரண்டையும் மாட்டும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி வர வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு புகையும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஜனவரி 11, காலை 6.45

நேற்று சொன்னது பாதிதான் சரி. பவர் கனெக்டர் பக்கம் என்பது டிஸ்க் முனைக்கு. மறுமுனை போகும் கன்ட்ரோலர் கார்டு பக்கம் அப்படி விதி கிடையாது. கார்டில் பின் வரிசையின் ஓரத்தில் "1" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், அல்லது பின்பக்கம் சால்டர் பார்த்தால் முதல் பின் மட்டும் சதுரம், மற்றவை வட்டம்.

புதுக் கேபிள் வாங்கியிருந்தால் இன்னொன்று. 40 ஓட்டைகளில் 20-ஆவது அடைத்திருக்கும். தலைகீழாக மாட்டக் கூடாது என்பதற்காக. ஆனால் பழைய கார்டுகள் சிலவற்றில் அந்த இடத்திலும் பின் நிற்கும், கேபிள் உள்ளே போகாது. முரட்டுத்தனமாக அழுத்தி பின்னை மடக்கியவர்கள் உண்டு. (நான்தான்.)

ஜனவரி 12, இரவு 8.30

லைட் இப்போது ஒரு முறை மின்னி அணைகிறது. சபாஷ். ஆனாலும் சில சமயம் கன்ட்ரோலர் ஃபெயிலியர், சில சமயம் இல்லை என்றால் கார்டு சரியாக உட்காரவில்லை. உங்களுடையது விஎல் பஸ் (486 காலத்து நீள ஸ்லாட்) கார்டு, முழ நீளம். ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை எழும். கழற்றி, தங்க நிற விரல்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ஸ்க்ரூ போடும் முன் இரண்டு முனையும் இறங்கியதா என்று கண்ணால் பாருங்கள்.

கேபினட் முகப்பில் 66 என்று எரிகிறது, டர்போ பட்டனை அழுத்தினால் 33 ஆகிறது, வேகம் பாதியாகிவிட்டதா என்றீர்கள். அந்த டிஸ்பிளே எதையும் அளப்பதில்லை தம்பி. பின்னால் உள்ள ஜம்பரை மாற்றினால் 99 என்றும் காட்டும். அந்தக் காலத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் 99 போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி 14, போகி, காலை 11.00

போகி அன்று பழையதை எரிப்பார்கள், நாம் இப்படி. செட்டப்பில் டைப் 47 (எண்களை நாமே கொடுக்கும் வகை) எடுத்து 1048, 16, 63 கொடுத்தீர்கள், "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" வந்தது. டபிள்யூபிகாம், லேண்டிங் ஸோன் இரண்டுக்கும் சுழியம் போதும், அவை பிரச்சனை இல்லை.

முதலில் மகிழ்ச்சி அடையுங்கள். பயாஸும் டிஸ்க்கும் பேசிக்கொள்கின்றன. அந்த வாசகம் டிஸ்க்கின் முதல் செக்டரில் உள்ள குட்டி புரோகிராம் சொல்வது. அதைப் படித்தாகிவிட்டது என்றால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. (டிஸ்க்கே இல்லாதபோது உங்களுக்கு "நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்டட்" வந்ததே, அது ஐபிஎம்மின் முதல் பிசியில் பேசிக் மொழி ரோமிலேயே இருந்த காலத்து மிச்சம். டிஸ்க் இல்லாவிட்டால் அதற்குள் போகும். நம் மெஷின்களில் அது கிடையாது, ஆனாலும் பயாஸ் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று துக்கம் விசாரிக்கும்.)

1048 என்பது 1024-ஐத் தாண்டுகிறது. 1994 பயாஸ்களுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதே எல்லை. பெருக்கிப் பாருங்கள், 52,84,82,304 பைட், அதாவது 504 எம்பி. அதற்குமேல் கொடுத்தால் சில பயாஸ்கள் 1024-ஐக் கழித்துவிட்டு மீதி 24 சிலிண்டரை மட்டும் பார்க்கும், 540 எம்பி டிஸ்க் 12 எம்பியாகத் தெரியும். 1024, 16, 63 என்று கொடுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு அசெம்பிள் செய்தவர் அப்படித்தான் கொடுத்திருப்பார்.

ஜனவரி 17, இரவு 9.15

அதே வாசகம்தானா. ம்.

ஃப்ளாப்பியிலிருந்து டாஸ் (அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம்) ஏற்றி சி டிரைவுக்குப் போனால் "இன்வேலிட் மீடியா டைப்" என்கிறது. நண்பர் வீட்டு 1998 பென்டியத்தில் மாட்டினால் அவார்டு பயாஸ் தானாகவே கண்டுபிடித்து நார்மல், லார்ஜ் என இரண்டு வழி காட்டுகிறது, எல்பிஏ என்ற வரியே இல்லை, இரண்டில் எதைத் தேர்ந்தாலும் மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம். எல்பிஏ வரி இல்லாததிலிருந்து ஒன்று உறுதி: இந்த டிஸ்க்குக்கு அந்தப் பாஷை தெரியாது, கடைக்காரரின் அடாப்டர் தோற்றது அதனால்தான். மீதிக்கு எனக்கு இப்போது பதில் இல்லை. யோசிக்கிறேன்.

ஜனவரி 18, அதிகாலை 12.50

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் பூட் செக்டர் (ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் செக்டர்) அடிபட்டிருக்கலாம். ஃப்ளாப்பியிலிருந்து நார்ட்டன் டிஸ்க் டாக்டர் ஓட்டி, சரிசெய்யட்டுமா என்று கேட்டால் யெஸ் கொடுங்கள்.

ஜனவரி 18, காலை 5.55

ஓட்டாதீர்கள். ஓட்டாதீர்கள். மேலே உள்ளது தூக்கக் கலக்கத்தில் எழுதியது. ஓட்டிவிட்டீர்களா? தயவுசெய்து பதில் போடுங்கள்.

ஜனவரி 18, காலை 8.20

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்ததற்கு நன்றி. அழித்துவிடலாம் என்று நினைத்தேன், இருக்கட்டும், அடுத்தவன் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏன் கூடாது என்றால், பயாஸுக்கு நாம் கொடுத்த எண்கள் தப்பாக இருந்து டிஸ்க்கில் எழுதியிருப்பது சரியாக இருந்தால், சரிசெய்கிறேன் என்று வரும் எந்த புரோகிராமும் சரியானதன் மேல் தப்பை எழுதும். படிப்பதில் தவறினால் மறுபடி படிக்கலாம். எழுதியது எழுதியதுதான்.

அப்பாவிடம் கேளுங்கள். மெஷின் எப்படி ஆன் ஆகும், காலையில் என்ன திரை வரும், ஏதாவது கீ அடிப்பாரா. இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பயன்படுத்தினவர் உயிரோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், நாம் பத்து நாளாக டிஸ்க்கிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரி 20, சனி, இரவு 10.30

தம்பி எனக்கு அனுப்பியதை அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன். அப்பாவுக்கு 71 வயது. போனில் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாராம்: "பேட்டரி போன பெறகு தெனமும் காலையில நான்தானப்பா நம்பர் போடுவேன். டெலீட் அடி, நாப்பத்தேழு, தொள்ளாயிரத்து எண்பத்தொம்பது, பதினஞ்சு, அம்பத்தாறு. சாமி படத்துக்கு ஊதுபத்தி, மெஷினுக்கு நம்பர். இதை ஏன் நீ மொதல்லயே கேக்கல?"

989, 15, 56!

நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த எண்களை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது இந்த டிஸ்க்கின் எண்ணே இல்லை. நான் டெட் என்று சொன்னேனே, அந்த 425 எம்பி கேவியரின் எண். அப்போது மாதத்துக்கு இத்தனை என்று அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு அசெம்பிளி பையன் புதிதாக வந்த 540-க்கு 1048 கொடுத்துப் பார்த்திருப்பான், பயாஸ் முரண்டு பிடித்திருக்கும், கைக்கு மனப்பாடமான எண்ணைத் தட்டியிருப்பான், ஓடியிருக்கும். 115 எம்பி யாருக்கும் தெரியாமல் வீணாகப் போயிருக்கும். அந்தப் பையன் நான் இல்லை என்று நினைக்கிறேன். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஜனவரி 21, ஞாயிறு, காலை 10.00

"அடுத்தவன் எண்ணைக் கொடுத்தால் டிஸ்க் எப்படி ஓடும்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

லேபிளில் 16 ஹெட் என்று போட்டிருக்கிறதே, கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு தட்டு, நாலு ஹெட் இருந்தாலே அதிகம். அந்த எண்கள் எல்லாமே டிஸ்க் வெளியே சொல்லிக்கொள்ளும் கணக்கு. பயாஸ் ஆன் ஆகும்போது "உன்னை நான் 15 ஹெட், 56 செக்டர் என்று கூப்பிடுவேன்" என்று ஒரு கட்டளை அனுப்பும், மொத்தக் கொள்ளளவுக்குள் இருந்தால் பெரும்பாலான ஐடிஇ டிஸ்க்குகள் சரி என்றுவிடும். சென்னையில் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருப்பார்களே, அது மாதிரி. வீடு அதே வீடு. பழைய எண்ணில் எழுதிய விலாசத்தைப் புதிய எண்ணில் தேடினால் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

எத்தனை வீடு தள்ளித் தட்டினோம் என்பதையும் கணக்குப் போடலாம். டாஸ் தன் முதல் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் தனக்கு ஒதுக்கிய பகுதி) ஹெட் 1, செக்டர் 1-இல் தொடங்கும். ஒரு டிராக்குக்கு 56 செக்டர் என்றால், சுழியத்திலிருந்து எண்ணினால் அந்த இடம் 56. நாம் 63 என்று கொடுத்ததால் பயாஸ் 63-ஆவதைப் போய்ப் படித்தது. ஏழு செக்டர் தள்ளி. அங்கே பூட் செக்டர் இல்லை, ஃபாட் டேபிளின் (எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியல்) ஏதோ ஒரு துண்டு இருக்கிறது, கடைசியில் வர வேண்டிய முத்திரை இல்லை, அதனால் மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம். முதல் செக்டர் மட்டும் எந்தக் கணக்கிலும் முதல் செக்டர்தான், ஆகவே வாசகம் மட்டும் ஒழுங்காக வந்தது.

இதில் எனக்கு வெட்கமான பகுதி: அந்த முதல் செக்டரில் உள்ள பார்ட்டிஷன் டேபிளிலேயே, தொடக்கம் 56 என்று வெறும் எண்ணாகவும் எழுதியிருக்கும். டிஸ்க் எடிட்டரில் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தால் 14-ஆம் தேதியே முடிந்திருக்கும். முப்பது வருட அனுபவம் என்று பெயர், டிஸ்க் டாக்டர் ஓட்டச் சொன்னேன்.

ஜனவரி 21, மாலை 5.40

சி ப்ராம்ப்ட் வந்த போட்டோ பார்த்தேன். வாழ்த்துகள், அப்பாவுக்கு.

அணைப்பதற்கு முன் யோசியுங்கள், அடுத்த முறை சுற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் எடுக்க நினைக்காதீர்கள், நாற்பது ஐம்பது எம்பி இருந்தாலே பொழுது போகும். நண்பரின் பென்டியத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே ஆட்டோ கொடுக்காமல் யூசர் என்று வைத்து, 989, 15, 56, நார்மல். இந்த டிஸ்க்கை இரண்டாவது சேனலில் தனியாக மாட்டுங்கள். ஒரே கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் ஆக வைத்தால் அந்தக் காலத்து டிஸ்க்குகள் வேறு கம்பெனி டிஸ்க்கோடு ஒத்துப்போகாமல் இரண்டுமே காணாமல் போவது உண்டு. மொத்தமாக காப்பி எடுத்தபின் 486-க்கு டிஸ்க்குக்குப் பதிலாக சிஎஃப் (மெமரி) கார்டு போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தனி இழை போடுங்கள்.

விண்டோஸ் டைரக்டரிக்குள் சிஸ்டம் டைரக்டரியில் உள்ள ஃபாண்ட் ஃபைல்களை மறந்துவிட வேண்டாம். அந்தக் காலத் தமிழ் ஃபாண்ட் யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். ஃபாண்ட் இல்லாமல் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் புரியாத குறிகளாகத் தெரியும்.

ஜனவரி 28, ஞாயிறு, இரவு 9.00

எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று தம்பி லிஸ்ட் அனுப்பியிருக்கிறார். டாஸில் எட்டு எழுத்துக்குமேல் பெயர் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் "கல்யாணம்" என்று எழுதினால் கச்சிதமாக எட்டு, டைரக்டரிக்கு அதுதான் பெயர். உள்ளே 212 ஃபைல். அவற்றில் பாதிக்குமேல் ஒரே தேதி, 1980 ஜனவரி 1. தேதி கெட்டுவிட்டதா, ஃபைல் கெட்டிருக்குமா என்று கேட்கிறார்.

கெடவில்லை. பேட்டரி போனபின் காலையில் ஆன் செய்யும்போதெல்லாம் மெஷினுக்கு அது 1980 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி. அப்பா ஹார்ட் டிஸ்க் எண்ணைப் போட்டார், தேதியைப் போடவில்லை. அதனால் கடையின் கடைசி நாலைந்து வருடக் கல்யாணம் அத்தனையும் ஒரே நாளில். அதுவும் மார்கழியில்!

தேதியைத்தான் நம்ப முடியாது, நேரத்தை நம்பலாம். அது கடை திறந்ததிலிருந்து ஓடிய நேரம். லிஸ்ட்டில் கீழே ஒரு ஃபைல் 2:52 பி என்று இருக்கிறது பாருங்கள், பிற்பகல் இரண்டே முக்கால் இல்லை அது, ஆன் செய்து 14 மணி 52 நிமிடம் ஆகியிருக்கிறது. காலை ஒன்பதுக்குக் கடை திறப்பார் என்றால் அப்பா அதைச் சேவ் செய்தபோது இரவு பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்.

யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.